என்.ஆர்.ஆர் 33 போட்டும் காது ஏன் இரைகிறது? சுடுதளத்துக்கு ஏற்ற காதடைப்பான் பற்றி

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மூன்று மாதமாகச் சுடுதளத்துக்குப் போகிறீர்கள். முதலில் .22 ரைஃபிள், இப்போது 9 மி.மீ. பிஸ்டல், அதுவும் நாலு சுவருக்குள் இருக்கிற உள்ளரங்கத்தில். டப்பாவின் மேல் என்.ஆர்.ஆர் 33 (சத்தத்தை எத்தனை டெசிபல் குறைக்கும் என்ற மதிப்பீடு) என்று அச்சிட்ட ஃபோம் அடைப்பான்தான் போடுகிறீர்கள். ஆனாலும் வீடு திரும்பிய பிறகு தூங்கப் போகும் வரை காதுக்குள் கொய்ங் என்கிறது. ‘33-ஐ விடப் பெரிய எண் உள்ள அடைப்பான் எது? பதினொரு வயது மகனையும் அழைத்துப்போக நினைக்கிறேன், அவனுக்கு எதை வாங்குவது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். சரியான பொருளைத்தானே போட்டோம், அப்புறம் ஏன் இரைகிறது என்பதுதான் அது. அதற்குப் பதில் கிடைத்தால் எதை வாங்குவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

நான் ஆடியாலஜிஸ்ட். இருபது வருஷத்துக்கு மேலாகக் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கிற வேலை. பணிக்காகச் சுடுபவர்கள், விளையாட்டாகச் சுடுபவர்கள் என்று நிறையப் பேரின் காதுகளைப் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், காதைப் பற்றி ஓரளவு நிச்சயமாகப் பேச முடியும். நேரடிப் பதில் இது: அடைப்பான்களில் 33-தான் உச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டை மாற்றி இனி எதுவும் கிடைக்கப்போவதில்லை. நீங்கள் போடும் அடைப்பான் காதுக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது உள்ளரங்கத்துக்கு ஒரே ஒரு அடுக்குப் பாதுகாப்பு போதவில்லை. பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

அதற்குள் போவதற்கு முன் அவசரமான விஷயம் ஒன்று. காது இரைவதைச் ‘சுட்டதால் வந்த அசதி’ என்று விட்டுவிடாதீர்கள், அது காயத்தின் அறிகுறி. ஒரு தடவை சுட்டுவிட்டு வந்து மறுநாள் காலையும் இரைச்சல் இருந்தால், காதில் பஞ்சு வைத்தது போல் மந்தமாக இருந்தால், ஒரு காதில் மட்டும் கேட்பது குறைந்தால், அல்லது வலியோ தலைசுற்றலோ இருந்தால், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை பலன் தருமா என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் தாமதித்தால் வாய்ப்பு குறையும். இரைச்சல் முழுதாக அடங்கி, பாதுகாப்பைச் சரிசெய்யும் வரை சுடுதளம் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

‘ராத்திரிக்குள் அடங்கிவிடுகிறதே, பரவாயில்லைதானே?’ என்று தோன்றும். நாங்கள் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் காதும் தேறிவிட்டது என்று. 2009-இல் ஷேரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. சத்தத்துக்குப் பிறகு அந்த எலிகளின் கேட்கும் அளவு முழுதாகத் திரும்பிவிட்டது. ஆனால் உள்காதுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பங்கு திரும்பவே இல்லை. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை, அதனால் உங்களுக்கும் இதுதான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ‘அடங்கிவிட்டது, அதனால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதத்தை நான் இப்போது யாரிடமும் ஒப்புக்கொள்வதில்லை.

துப்பாக்கிச் சத்தம் ஏன் தனி ரகம் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். .22 ரைஃபிள் சுடுபவரின் காதருகே உச்ச அளவு ஏறத்தாழ 140 டெசிபல். 9 மி.மீ. பிஸ்டலில் அது 160-ஐ ஒட்டிப் போகும். பெரிய ரைஃபிள்களில் 165, 170 வரைகூடப் போகும். 140-க்கும் 160-க்கும் வித்தியாசம் வெறும் இருபதுதானே என்று எண்ணிவிடக் கூடாது. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு இருபதுக்கும் காற்றின் அழுத்தம் பத்து மடங்காகும். 140 என்றால் 200 பாஸ்கல், 160 என்றால் 2,000 பாஸ்கல். நீங்கள் .22-இல் இருந்து 9 மி.மீ.க்கு மாறியதும் இரைச்சல் ஆரம்பித்தது என்றால், காரணம் இங்கேயே இருக்கிறது. இடிபோல வருகிற இத்தகைய சத்தத்துக்கு 140 டெசிபல் உச்சம்தான் பாதுகாப்பு விதிகள் வகுத்திருக்கிற எல்லைக்கோடு. பாதுகாப்பில்லாமல் கேட்கும்போது அந்தக் கோட்டை ஒரே ஒரு தோட்டாவே தாண்டிவிடுகிறது.

சத்தம் பெரிதானால் நடுக்காதில் உள்ள சின்னத் தசைகள் இறுகி ஒலியைக் கொஞ்சம் குறைக்கும், இது இயற்கை தந்த காப்பு. ஆனால் அது இறுகப் பத்துக்கணக்கான மில்லி விநாடிகள் ஆகும், வெடியின் உச்சமோ ஓரிரு மில்லி விநாடிக்குள் வந்து போய்விடும். காப்பு எழுந்திருப்பதற்குள் அடி விழுந்துவிடுகிறது. உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியாவுக்குள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் செல்கள் இருக்கின்றன. ஆலைச் சத்தம் அவற்றை மெல்ல மெல்லக் களைக்க வைக்கும். துப்பாக்கி அப்படியில்லை, ஒரே அடியில் பிய்த்துவிடவும் கூடும். போனது போனதுதான், மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

பாதிப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில், அதாவது உயர்ந்த சுருதி ஒலிகளில்தான் தெரியும். கேட்கும் திறனை வரைந்து காட்டும் ஆடியோகிராமில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். அந்தச் சுருதியில்தான் ச, ஸ, ஷ போன்ற மெல்லிய உரசல் ஒலிகளின் அடையாளம் இருக்கிறது. அதனால் இப்படிக் கெட்ட காது உடையவர் ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்வதில்லை. ‘கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை’ என்பார். இந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயிலிருந்து அச்சு மாறாமல் கேட்டிருக்கிறேன். இன்னொன்று: வலது தோளில் ரைஃபிளை வைத்துச் சுடுபவருக்கு இடது காதில்தான் பள்ளம் ஆழமாக இருக்கும். குழல் வாய்ப் பக்கம் திரும்பியிருப்பது இடது காது, வலது காதுக்குத் தலையின் மறைப்பு இருக்கிறது. பிஸ்டலை முன்னால் நீட்டிச் சுடுபவர்களுக்கு இரண்டு காதும் கிட்டத்தட்டச் சமமாக அடிபடும்.

சரி, இப்போது அந்த 33. இது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1979-இல் கட்டாயமாக்கிய லேபிள் முறை. ஆய்வகத்தில், முறை தெரிந்தவர் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு காதிலும் அடைப்பானைச் சரியாக உட்காரவைத்து எடுத்த அளவு. அவசரமாகக் காரிலிருந்து இறங்கி, நடந்துகொண்டே காதில் திணிப்பவரின் அளவு இல்லை. அதனால்தான் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, அந்த எண்ணிலிருந்து 7 கழித்து, மீதியைப் பாதியாக்கிப் பார்க்கச் சொல்கிறது. 33 கழித்தல் 7, 26. அதில் பாதி 13. உங்கள் 33 நடைமுறையில் 13 ஆகிவிடலாம் என்று அர்த்தம். 160-இல் 13 போனால் 147, கோட்டுக்கு மேலேயே இருக்கிறீர்கள். அதே அடைப்பான் முழுதாக உட்கார்ந்து 30 குறைத்தால் 130, கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறீர்கள். பொருள் ஒன்றுதான், போட்ட விதம்தான் வேறு.

இந்தக் கழித்தலை ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்.ஆர்.ஆர் மெல்லிய, தொடர்ச்சியான ஒலியை வைத்து அளக்கப்படுவது, வெடிச் சத்தத்தில் எந்த அடைப்பானும் டெசிபலுக்கு டெசிபல் அதே மாதிரி நடந்துகொள்ளும் என்று உறுதி இல்லை. வெடி ஒலிக்கென்று தனியாக அளக்கும் முறைகள் இருக்கின்றன, ஆனால் டப்பாவில் நீங்கள் பார்க்கும் எண் அது இல்லை. இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், பெரிய எண்ணைத் தேடிப் போனால் இதில்தான் மாட்டுவீர்கள். ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர் என்று வேறொரு அளவு உண்டு. என்.ஆர்.ஆர் 33 உள்ள ஒன்றுக்கே எஸ்.என்.ஆர் 37 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ‘37 கிடைத்துவிட்டது’ என்று வாங்கினால், கையில் இருப்பதையே மறுபடி வாங்கியதாகத்தான் இருக்கும்.

ஒருவர் என்னிடம் வந்தார், உங்களைப் போலவே 33 போடுபவர். ‘போட்டுக் காட்டுங்கள்’ என்றேன். இரண்டு விரலால் லேசாக நசுக்கி, காது வாசலில் வைத்து அழுத்தினார். மூன்றில் இரண்டு பங்கு வெளியே காளான் குடை மாதிரி நின்றது. அப்படியே வைத்து அளந்தால் ஏழெட்டு டெசிபல்தான் குறைத்தது. அதே ஜோடியை எடுத்து, நான் உருட்டிப் போட்டுவிட்டு மறுபடி அளந்தபோது முப்பதை நெருங்கியது. அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. ஆறு வருஷமாக அவர் அப்படித்தான் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. டப்பாவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் படம் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

அதனால் போடும் விதத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன். அடைப்பானைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். முதலில் லேசாக, போகப்போக அழுத்தி. விளக்குத் திரி மாதிரி மெல்லிசாக வர வேண்டும். நசுக்கக் கூடாது, மடிப்பும் விழக் கூடாது. விழுந்தால் உள்ளே போய் விரிந்த பிறகு அந்த மடிப்பே ஒலி நுழையும் வாய்க்காலாகிவிடும். வலது காதுக்கு என்றால் அடைப்பான் வலது கையில் இருக்கட்டும், இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து வலது காது மடலின் மேல்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள். காதுத் துளை நேரான குழாய் இல்லை, இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு வளைவோடு போகிறது. மடலை இழுத்தால் அந்த வளைவு கொஞ்சம் நிமிரும். அந்தச் சமயத்தில் சட்டென்று உள்ளே நுழைத்து, விரல் நுனியால் முப்பது நாற்பது விநாடி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஃபோம் விரியும்போது தன்னைத்தானே வெளியே தள்ளும், விரல் அங்கே காவல் இருந்தால்தான் உள்ளேயே நிற்கும். குளிரில் ஃபோம் விரிய இன்னும் நேரமாகும்.

சரியாகப் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணாடியில் முகத்தை நேராகப் பாருங்கள். அடைப்பானின் வால் காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு தெரியக் கூடாது. அடுத்து, சத்தமான இடத்தில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக மூடித் திறவுங்கள். மூடும்போது சத்தம் நன்றாகக் குறைந்தால், அடைப்பான் தன் வேலையைச் செய்யவில்லை, கைதான் செய்கிறது. மூன்றாவது, ஒன்றிலிருந்து ஐந்து வரை உரக்க எண்ணுங்கள். உங்கள் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல், இரண்டு காதிலும் சமமாக ஒலிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாதாரணமாகக் கேட்டால் அந்தப் பக்கம் எடுத்து மறுபடி போடுங்கள். பாதி விரிந்த அடைப்பானை மேலும் உள்ளே தள்ளிச் சரிசெய்யலாம் என்று பார்க்காதீர்கள், அது வேலைக்கு ஆகாது. எத்தனை தடவை முயன்றாலும் வலித்தால், அல்லது நழுவினால், அளவு பொருந்தவில்லை. ஃபோமில் சிறிய அளவு, பெரிய அளவு எல்லாம் உண்டு. ஒரே ஆளுக்கு வலது, இடது காதுத் துளைகள் வேறு வேறு அளவில் இருப்பதும் சகஜம்.

சுடுதளத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று, இதை அதிகம் பேர் சொல்வதில்லை. தோட்டாவிலும் அதன் பற்றுமருந்திலும் ஈயம் இருக்கும், சுடச் சுட அந்தத் தூள் கையில் படியும். அதே விரலால் ஃபோமை உருட்டிக் காதில் வைக்கிறோம், அப்புறம் எடுத்துச் சட்டைப் பையில் போட்டு அதையே மறுபடி வைக்கிறோம். அதனால் அடைப்பானைச் சுடுதளத்துக்குள் நுழையும் முன்பே, சுத்தமான கையால் போட்டுவிடுங்கள். இடையில் எடுக்க வேண்டி வந்தால் வெளியே போய், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது ஜோடி போடுங்கள். முன்பே போடச் சொல்வதற்குப் பெரிய காரணம் வேறு: நீங்கள் தயாராகிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தடத்துக்காரர் சுட்டுவிடுவார். முடித்த பிறகு விருட்டென்று பிடுங்காதீர்கள், காற்று உறிஞ்சிச் செவிப்பறையை இழுக்கும். மெல்லத் திருகி, காற்று நுழைந்த பிறகு எடுங்கள்.

மற்ற வகைகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். குடை மேல் குடை வைத்தது போல மூன்று அடுக்கு ரப்பர் அடைப்பான், உருட்ட வேண்டாம், கழுவிக்கொள்ளலாம். விரலில் பலம் இல்லாதவர்களுக்கு நல்லது. உச்ச அளவு ஃபோமைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் அரைகுறையாகப் போட்ட ஃபோமைவிட ஒழுங்காகப் போட்ட இது எவ்வளவோ மேல். காதின் அச்செடுத்துச் செய்து தருகிற அடைப்பானின் பெருமை, தினமும் ஒரே மாதிரி உட்காரும் என்பதுதான். ஃபோமைவிட அதிகம் தடுக்கும் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமாகும். அச்செடுக்கும்போது தாடையை அசைத்தும் வாயைத் திறந்தும் காட்டச் சொல்லாமல் எடுத்தால், பேசும்போது இடைவெளி விழும், கேட்டு வாங்குங்கள். இசைக் கலைஞர்களுக்கென்று விற்பது, தூங்குவதற்கு, நீச்சலுக்கு விற்பது எதுவும் சுடுதளத்துக்கு ஆகாது. பஞ்சு, பாட்டுக் கேட்கும் இயர்போன் இவற்றைப் பாதுகாப்பு என்றே எண்ண வேண்டாம். சத்தத்தை ரத்து செய்யும் வசதி உள்ள இயர்போன் விமான இரைச்சலுக்கானது, வெடியின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதற்கு இல்லை.

சின்னத் துளை வழியாகப் பேச்சை விட்டு வெடியை மட்டும் தடுப்பதாகச் சொல்லும் வடிகட்டி அடைப்பான்கள் உண்டு. தத்துவம் உண்மையானதுதான், பலத்த அழுத்தத்தில் அந்தத் துளையில் காற்றோட்டம் கலங்கித் தடை கூடுகிறது. திறந்தவெளியில் எப்போதாவது ஒரு தோட்டா என்றால் யோசிக்கலாம். உள்ளரங்கத்தில் இதை மட்டும் நம்பிப் போகச் சொல்ல மாட்டேன். இந்த வகையில் அமெரிக்க ராணுவத்தினர் பயன்படுத்திய இருமுனை அடைப்பான் ஒன்றின் மேல் லட்சக்கணக்கான வீரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். தண்டு குட்டையாக இருப்பதால் போட்டவருக்கே தெரியாமல் மெல்லத் தளர்ந்துவிடுகிறது என்பது அவர்கள் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு. த்ரீ எம் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 2023 ஆகஸ்டில் சுமார் 600 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்த வழக்கின் மையமும் காதில் எப்படி உட்காருகிறது என்பதாகவே இருந்தது, அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

இப்போது உங்களுக்கான என் பரிந்துரை: இரட்டைப் பாதுகாப்பு. உள்ளே ஃபோம் அடைப்பான், அதன் மேல் காதை முழுதாக மூடும் இயர் மஃப். உள்ளரங்கச் சுடுதளத்தில் இரண்டையும் சேர்த்துப் போடத்தான் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷும் சொல்கிறது. சுவரும் கூரையும் தரையும் ஒவ்வொரு வெடியையும் திருப்பி உங்களிடமே அனுப்புகின்றன, உங்கள் துப்பாக்கி சும்மா இருந்தாலும் பக்கத்துத் தடம் சும்மா இருப்பதில்லை. ஃபோமின் 33-உம் மஃபின் 25-உம் சேர்ந்தால் 58 என்று கூட்டிவிடாதீர்கள். பெரிய எண்ணோடு ஏறத்தாழ 5 சேரும் என்பதே வழக்கமான கணக்கு. நாற்பது ஐம்பது டெசிபலுக்கு மேல் எதைப் போட்டாலும் பயனில்லை, ஒலி மண்டையோட்டு எலும்பு வழியாகவே உள்காதுக்குப் போய்விடும். அந்த 5 சின்னதாகத் தெரியலாம். இரட்டைப் பாதுகாப்பின் உண்மையான பலம் வேறு: அன்றைக்கு ஃபோம் சரியாக உட்காராமல் போனாலும் மஃப் தாங்கிக்கொள்ளும், ரைஃபிள் கட்டை இடித்து மஃப் விலகினாலும் ஃபோம் தாங்கிக்கொள்ளும். கண்ணாடிக் காம்பு மஃபின் மெத்தைக்கு அடியில் சந்து உண்டாக்கும், காம்பு மெல்லிசாக இருக்கிற பாதுகாப்புக் கண்ணாடியாகத் தேர்ந்தெடுங்கள். மெத்தை வெடித்து இறுகிப் போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

‘இரண்டையும் போட்டால் பயிற்சியாளர் சொல்வது கேட்காதே’ என்பது நியாயமான கவலை. கட்டளை காதில் விழாமல் போவது சுடுதளத்தில் ஆபத்து. அதற்கு எலக்ட்ரானிக் மஃப் இருக்கிறது. வெளியே உள்ள மைக் பேச்சைப் பெருக்கித் தரும், சத்தம் எல்லை தாண்டினால் பெருக்குவதை நிறுத்திவிடும். அடியில் ஃபோம் அடைப்பானைப் போட்டுக்கொண்டு, மஃபின் ஒலியளவைக் கூட்டி வையுங்கள். பேச்சு ஃபோமைத் தாண்டி உள்ளே வரும், வெடி பெரிதும் அடங்கிவிடும். நான் பலருக்குப் பரிந்துரைத்து, அவர்கள் நிம்மதியாகப் பயன்படுத்துவது இதைத்தான். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காப்பது மின்னணுப் பகுதி இல்லை, மெத்தையும் ஓடும்தான். பேட்டரி தீர்ந்தாலும் காப்பு இருக்கும், மெத்தை கிழிந்தால் பேட்டரி இருந்தும் பயனில்லை. போட்டிகளுக்குப் போகும் எண்ணம் இருந்தால் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கிக் கருவி உள்ள காதுக்காப்பை வீரர்கள் அணிய பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப் அனுமதிப்பதில்லை, அங்கே ஃபோமும் சாதாரண மஃபும்தான்.

மகனைப் பற்றி. இதில் நான் கண்டிப்பானவன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 140 டெசிபல் உச்சம் என்று வைத்த கோட்டைக் குழந்தைகளுக்கு 120 என்று வைத்திருக்கிறது. அழுத்தக் கணக்கில் அது பத்தில் ஒரு பங்கு. பதினொரு வயதுக் காதுக்குப் பெரியவர்களுக்கான ஃபோம் பெரும்பாலும் முழுதாகப் போகாது, பெரியவர்களுக்கான மஃபும் தலையில் தளர்ந்து நிற்கும். 9 மி.மீ. ஓடும் உள்ளரங்கத்துக்கு அவனைப் பார்வையாளனாகக்கூட அழைத்துப் போக வேண்டாம் என்பேன், ஈயத் தூளும் வளரும் பிள்ளைகளுக்கு ஆகாது. அவன் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் ஏர் ரைஃபிளில் தொடங்கட்டும், அதன் சத்தம் இந்த ரகமே இல்லை. பின்னால் திறந்தவெளியில் .22 என்று வரும்போது, சிறுவர் அளவு மஃபும் சிறிய அளவு ஃபோமும் இரண்டும் போட்டு, நீங்களே கையால் தொட்டுச் சரிபார்த்த பிறகு சுடட்டும்.

அடைப்பானே போடக் கூடாதவர்களும் உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருப்பவர், காதில் சீழ் வடிபவர், அண்மையில் காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எல்லாம் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அழுக்கு அடைத்திருந்தால் ஃபோம் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும், உட்காரவும் உட்காராது. பட்ஸ் வைத்து நோண்டாமல், மருத்துவரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, மூன்று மாதம் சுட்டிருக்கிறீர்கள், ஒரு ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் குறைந்தது 14 மணி நேரம் பலத்த சத்தம் எதுவும் காதில் படாமல் இருக்கட்டும். 3,000, 4,000, 6,000, 8,000 ஹெர்ட்ஸ் நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், 3,000-ஐயும் 6,000-ஐயும் சில இடங்களில் விட்டுவிடுவார்கள். போகும்போது நீங்கள் வழக்கமாகப் போடும் அடைப்பானையும் எடுத்துப் போங்கள். பரிசோதனை முடிந்ததும், ஹெட்ஃபோன் இல்லாமல் ஒலிபெருக்கி வழியாக இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று கேளுங்கள், ஒரு முறை வெறும் காதோடு, ஒரு முறை நீங்களே உங்கள் கையால் அடைப்பானைப் போட்டுக்கொண்டு. பரிசோதிப்பவர் உதவக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். டப்பாவில் இருக்கும் 33-க்குப் பதிலாக உங்கள் காதுக்கு, உங்கள் கைக்கு உரிய எண் அதுதான். அது இருபதுக்குக் கீழே இருந்தால், அங்கேயே எடுத்து, உருட்டி, விரலால் பிடித்து, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.